மகப்பேற்றோடு முடிவதன்று மாதர் உடல்நலம்

நம் திருவள்ளூர் வட்டாரத்திற்குக் கூட்டுறவு வரலாற்றில் நீங்கா இடம் ஒன்று உண்டு. 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே, ஆவடிக்கு மேற்கே உள்ள திரூரில், நாட்டின் முதலாவது எனப் போற்றப்பெறும் வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவு பெற்றது. அன்று நம் முன்னோர் தேடியது கந்துவட்டியினின்றும் விடுதலை. தனித்து நின்றவன் அடகு வைத்ததை, சேர்ந்து நின்றவர்கள் மீட்டுக் கொடுத்தார்கள்.

இன்று நம் அங்கத்தினர் இல்லங்களைக் கடனில் ஆழ்த்தும் காரணங்கள் யாவை? விதைக்கும் எருவுக்கும் நூலுக்கும் வாங்கிய கடன் ஒருபுறம் இருக்க, நோய்க்கு வாங்கிய கடன் மறுபுறம் மலைபோல் நிற்கிறது. அந்நோய்களுள்ளும், வெளியே சொல்ல நாணிப் பெண்கள் தம் உடலுக்குள்ளேயே மறைத்து வைப்பவை சில. அவை முற்றிய பின்பே வெளிப்படுகின்றன; வெளிப்படும்போது குடும்பத்தின் சேமிப்பு முழுவதையும் வாரிக்கொண்டு போகின்றன. அவற்றைப் பற்றி இவ்விதழில் எழுதுவது தகுமா என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். எழுதாதிருப்பதே தகாது என்பது நம் கருத்து.

நம் சங்கம் ஒன்றைச் சேர்ந்த குடும்பத்துச் சகோதரி ஒருவரை நாம் அறிவோம். தார் சுற்றுவது அவர் தொழில். இருபத்துநான்கு வயதில் இரண்டாவது குழந்தை பிறந்தது. உடனே குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டார். அதன்பின் பதினாறு ஆண்டுகள் தமக்காக என்று எந்த மருத்துவரிடமும் அவர் சென்றதில்லை. லாரி ஓட்டிவந்த கணவருக்கு ஓயாத இருமல் கண்டது. காசநோய் என்று தெரிந்தது. காசநோயாளருக்குச் செய்யும் வழக்கமான சோதனையில் எச்.ஐ.வி. தொற்றும் உண்டென்று புலப்பட்டது. மனைவியையும் அழைத்துவரச் சொன்னார்கள். அவருக்கும் தொற்று இருந்தது. அன்றே செய்த மற்றொரு சோதனையில் கருப்பைவாயில் புற்றுநோய்க்கு முந்திய மாறுதலும் காணப்பட்டது. நல்ல வேளையாக இரண்டுக்கும் சிகிச்சை கிடைத்தது. இன்று அவர் மருந்துண்டு, நலமாக வேலை செய்து வருகிறார்.

அவர் நம்மிடம் கேட்ட கேள்வி இதுதான்: “பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது மாதந்தோறும் வா வா என்று வீடுதேடி வந்து கூப்பிட்டார்கள், ஐயா. ஆபரேஷன் ஆனபிறகு பதினாறு வருஷத்தில் ஒருமுறையாவது யாராவது வா என்று கூப்பிட்டிருக்கக் கூடாதா?”

இக்கேள்விக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எச்.ஐ.வி. நம் நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் தலைநகரிலேதான். 1986-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவர்தம் மாணவியான டாக்டர் செல்லப்பன் நிர்மலா, காப்பில்லத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர் உள்ளிட்டோரின் இரத்த மாதிரிகளைத் திரட்டினார். அவை வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. ஆறு மாதிரிகளில் தொற்று காணப்பட்டது. அரிய பணி அது. ஆனால், அச்செய்தியினின்றும் சமுதாயம் கற்றுக்கொண்ட பாடமோ தவறானது. ‘இது அத்தகைய பெண்களின் நோய், குடும்பப் பெண்ணுக்கும் இதற்கும் தொடர்பில்லை’ என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அப்பெண்களுக்கு அந்நோயைக் கொண்டு சென்றவர் யார், அவர்களிடமிருந்து அதைப் பெற்று எவ்வீட்டுக்குத் திரும்பினார் என்ற கேள்வி எழவேயில்லை.

அக்கேள்வியைப் பின்னர் எழுப்பியவர்கள் பெண்களே. நாமக்கல் பகுதியைச் சேர்ந்த பி. கௌசல்யா திருமணத்தின் வழியே தொற்றுக்கு ஆளானவர். அவரும் அவரைப் போன்ற பெண்கள் சிலரும் 1998-ஆம் ஆண்டில் சென்னையில் தொற்றுள்ள பெண்களுக்கென ஒரு கூட்டமைப்பைத் தோற்றுவித்தனர். ‘கணவன் ஒருவனையன்றி வேறெவரையும் அறியாத எங்களுக்கு எங்ஙனம் வந்தது?’ என்று அவர்கள் வெளிப்படையாக வினவிய பின்னரே, ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சு சற்று அடங்கி, பாதுகாப்பைப் பற்றிய பேச்சு தலையெடுத்தது. இன்று நம் நாட்டில் தொற்றுடன் வாழ்வோர் ஏறத்தாழ 25 இலட்சம் பேர். அவர்களுள் ஐந்தில் இரண்டு பங்கிற்கு மேற்பட்டோர் பெண்கள்.

நம் மாநிலம் இத்துறையில் சும்மா இருந்துவிடவில்லை. அதை மறைப்பது நன்றி மறத்தலாகும். 1994-ஆம் ஆண்டிலேயே எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்கென்று தனிச் சங்கம் அமைத்துப் பிற மாநிலங்களுக்கு வழிகாட்டியது தமிழ்நாடு. 1928-இல் காசநோயாளர்க்கெனத் தொடங்கப்பெற்ற தாம்பரம் நிலையம், பிற்காலத்தில் எச்.ஐ.வி. நோயாளரையும் அரவணைத்தது. 2004-ஆம் ஆண்டு ஏப்ரலில் நாட்டில் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கப்பெற்ற முதல் சில மையங்களுள் அதுவும் ஒன்று.

எல்லாவற்றினும் மேலான வெற்றி, தாயிடமிருந்து சேய்க்குத் தொற்று செல்லாமல் தடுத்ததேயாகும். சிகிச்சையின்றி விட்டால், தொற்றுள்ள தாய்மார் 100 பேருக்குப் பிறக்கும் குழந்தைகளுள் 15 முதல் 45 வரை தொற்றுக்கு ஆளாகும். கருவுற்ற காலத்திலேயே கண்டறிந்து மருந்து கொடுத்தால் அது 5-க்கும் கீழே இறங்கிவிடும். நம் அண்டையிலுள்ள இலங்கை இதைச் செய்து முடித்து, 2019-ஆம் ஆண்டு டிசம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றும் பெற்றுவிட்டது. நம் மாநிலத்திலும் மகப்பேறு ஏறக்குறைய முழுவதும் மருத்துவமனைகளிலேயே நிகழ்வதால், கருவுற்ற பெண்ணுக்குச் சோதனை கிடைப்பது எளிதாகியிருக்கிறது.

இவ்வளவும் நன்று. ஆனால் இந்த வெற்றிக்குள்ளேயே ஒரு குறை ஒளிந்திருக்கிறது. பெண்ணை நாம் கருவைச் சுமப்பவளாக மட்டுமே பார்க்கப் பழகிவிட்டோம். கரு உண்டான நாள்தொட்டு அவளுக்கு ஊசி, மாத்திரை, சோதனை, அறிவுரை எல்லாம் உண்டு. குழந்தை பிறந்து, அறுவையும் முடிந்துவிட்டால், மருத்துவமனையின் கதவு அவளுக்குச் சாத்தப்பட்டதைப் போன்றதே. கதவைச் சாத்தியவர் எவருமில்லை. திறந்து செல்ல வேண்டும் என்று சொல்லுவார் இல்லை.

தமிழ்நாட்டில் 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களுள் ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கோ ஒரு விழுக்காட்டையும் எட்டவில்லை. நம் பெண்களுள் பலர் இருபத்தைந்து வயதையொட்டியே இவ்வறுவையைச் செய்துகொள்கின்றனர். அறுவை கருவைத் தடுக்கும், நோயைத் தடுக்காது. இவ்வேறுபாட்டை எத்தனை இல்லங்களில் உணர்ந்திருக்கிறார்கள்? ‘இனிக் குழந்தை பிறக்கப் போவதில்லை, ஆணுறை எதற்கு?’ என்று அதை விட்டொழிக்கின்றனர். அன்று முதல் பெண்ணின் பாதுகாப்பு, கணவனின் நடத்தையையும் அவன் சோதனை செய்துகொள்ளும் நேர்மையையும் மட்டுமே நம்பி நிற்கிறது. அவ்வாறு அவள் நிற்கும் காலம் இருபது ஆண்டு, முப்பது ஆண்டு.

நம் வட்டாரத்தின் இயல்பையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960-களில் எழுந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. பெங்களூர் நெடுஞ்சாலை பூவிருந்தவல்லியைக் கடந்து செல்கிறது. பல மாநிலத்து ஆண்கள் குடும்பத்தை விட்டு இங்கே வந்து உழைக்கின்றனர். இங்குள்ள ஆண்கள் லாரியேறி வெகுதூரம் செல்கின்றனர். பெண்களோ விடியுமுன் பூப்பறிப்பார்கள். பகலில் தார் சுற்றுவார்கள், அல்லது ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை செய்வார்கள். இரவில் அடுப்படியில் நிற்பார்கள். வயிற்றுவலியோ வெள்ளைப்பாடோ வந்தால், ‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்பதே அவர்கள் வழக்கம். ஒரு நாள் மருத்துவமனைக்குச் சென்றால் ஒரு நாட்கூலி போய்விடும். ஊர் விட்டுச் செல்வோரைக் குறைகூற இதை எழுதவில்லை. பிரிந்து வாழும் வாழ்க்கையில் ஆபத்து மிகுதி என்பதை உணர்ந்து, அதற்கேற்ற காப்பையும் மிகுதியாக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

இனி, பெண்ணின் வாழ்நாளைப் பருவம் பருவமாக எண்ணிப் பார்ப்போம்.

பூப்படைந்த பெண்ணுக்கு நாம் மஞ்சள் நீராட்டி ஊரையழைத்து விருந்து வைக்கிறோம். அவள் உடலைப் பற்றி அவளுக்கு ஒரு சொல் சொல்வதில்லை. அப்பருவத்திலேயே தொடங்குகிறது இரத்தசோகை. முற்கூறிய கணக்கெடுப்பின்படி நம் மாநிலப் பெண்களுள் 53 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். இது சிறிய குறையன்று. 2018 டிசம்பரில் சாத்தூரில், இரத்தசோகைக்காக இரத்தம் ஏற்றப்பெற்ற கருவுற்ற பெண் ஒருவருக்கு அவ்விரத்தத்தின் வழியே எச்.ஐ.வி. தொற்றிய துயரத்தை நாடே அறியும். இரத்தத்தைச் சரியாகச் சோதிப்பது மருத்துவத் துறையின் கடமை. இரத்தம் ஏற்ற வேண்டாத உடலை வளர்ப்பது நம் வீட்டின் கடமை. நாம் பயிரிடும் முருங்கைக் கீரையும் பயறும் சந்தைக்கு மட்டும் போகாமல் நம் பெண்களின் இலைக்கும் வரட்டும்.

அப்பருவத்துப் பெண்ணுக்கு மற்றொரு காப்பும் இன்று உண்டு. கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்குவது பெரும்பாலும் எச்.பி.வி. என்னும் கிருமி. அதனைத் தடுக்கும் ஊசியை 9 முதல் 14 வயதிற்குள் போடுவது சிறந்தது. 2023-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டிலேயே, புனேயிலுள்ள சீரம் நிறுவனம் இதைத் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்துள்ளது. 14 வயதுச் சிறுமியர்க்கு இவ்வூசியைப் போட 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாகத் தமிழக அரசு 2025-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தது. ‘கன்னிப் பெண்ணுக்கு இவ்வூசி எதற்கு?’ என்று கேட்போர் உளர். பயிரில் பூச்சி விழுந்த பின்பா விதை நேர்த்தி செய்கிறோம்?

திருமணப் பருவத்தில் சாதகம் பார்க்கிறோம், சீர்வரிசை பேசுகிறோம். மணமக்கள் இருவரும் விரும்பி ஒருமுறை எச்.ஐ.வி. சோதனை செய்துகொள்வதில் இழிவு யாது? பெண்ணை மட்டும் சோதிக்கச் சொல்வது அநீதி. இருவரும் சேர்ந்து செய்துகொள்வதே முறை. ஆணிடமிருந்து பெண்ணுக்கே இத்தொற்று எளிதில் செல்கிறது என்பது மருத்துவர் கண்ட உண்மை. பால்வினை நோயினால் உண்டான புண் இருந்தால் அது இன்னும் எளிதாகும். ஆகவே வெள்ளைப்பாடு, புண், அடிவயிற்று வலி இவற்றை மறைக்காமல் அரசு மருத்துவமனைகளிலுள்ள சுகவாழ்வு மையத்தில் காட்டுதல் எச்.ஐ.வி. தடுப்பின் முதற்படி.

மகப்பேற்றுக்குப் பின் வருவதே நாம் மேலே சொன்ன நெடும்பருவம். முப்பது வயதைக் கடந்த ஒவ்வொரு பெண்ணும் கருப்பைவாய்ச் சோதனை செய்துகொள்ள வேண்டும். வினிகரில் உள்ள அமிலத்தைத் தோய்த்துக் கண்ணாற் பார்க்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. சில நிமிடங்களில் முடிந்துவிடும். திண்டுக்கல் மாவட்டத்தில், 30 முதல் 59 வயதுள்ள பல்லாயிரம் கிராமப் பெண்களிடையே இச்சோதனையை நடத்தி ஆராய்ந்தார்கள். 2007-இல் வெளியான அதன் முடிவு, கருப்பைவாய்ப் புற்றுநோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததைக் காட்டிற்று. நம் மாநிலத்தில் நம்மைப் போன்ற உழவர் வீட்டுப் பெண்களிடத்தே மெய்ப்பிக்கப்பட்டது இது. ஆயினும், முற்கூறிய கணக்கெடுப்பின்போது, 30 முதல் 49 வயதுவரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களுள் இச்சோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர் பத்தில் ஒருவர்கூட இல்லை. எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்களுக்கு இப்புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஆறு மடங்கு என்பதால், அவர்களுக்கு இது இன்றியமையாதது. இரண்டு நோய்களும் ஒன்றையொன்று கைப்பிடித்து வருபவை. அவற்றைத் தடுக்கும் சோதனைகளும் ஒரே நாளில், ஒரே இடத்தில் நடைபெறுதல் வேண்டும்.

மாதவிடாய் நின்ற பின் பெண்ணை எல்லோருமே மறந்துவிடுகிறோம். அப்பருவத்தில் உறுப்பின் உட்தோல் மெலிந்து எளிதில் கீறல் காண்பதால், தொற்று ஏற்படும் வாய்ப்பு குறைவதில்லை. எலும்பும் தேய்கிறது. விலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் மீண்டும் உதிரம் கண்டால், அது ஒருநாளும் ‘சூட்டினால்’ வந்ததென்று விடத்தக்கதன்று. உடனே மருத்துவரைக் காண வேண்டும். பாட்டியின் உடலும் உடலே.

இவ்வளவும் சொன்னபின், அச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பெண்களைத் தடுப்பது மருத்துவமனையின் தொலைவு மட்டுமன்று, ஊர்வாயின் அண்மை. தொற்றுள்ளவர் தொட்ட தறியில் நெய்வதாலோ, ஒரே குடத்து நீரைக் குடிப்பதாலோ, கொசுக் கடியாலோ இது பரவுவதில்லை. மருந்தைத் தவறாது உண்டு, இரத்தத்தில் கிருமி அளவிட இயலாதபடி குறைந்த நிலையில் இருப்பவரிடமிருந்து தாம்பத்திய உறவின் வழியாகவும் பரவுவதில்லை. 2017-ஆம் ஆண்டு முதல், தொற்று கண்டறியப்பட்ட எவருக்கும் காலந்தாழ்த்தாது அரசே இலவசமாக மருந்தளிக்கிறது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், ஒருவரின் இசைவின்றிச் சோதிப்பதையும், முடிவை வெளியிடுவதையும், தொற்றுக்காக வேலையை விட்டு நீக்குவதையும் தடுக்கிறது. தாம் வாழும் இல்லத்திலேயே தொடர்ந்து வாழும் உரிமையையும் அது வழங்குகிறது. கணவன் இறந்தபின் மருமகளைத் துரத்தும் மாமியார் வீட்டினர் இதை அறிந்திருத்தல் நலம்.

‘நூலும் நெல்லும் பார்க்கவேண்டிய சங்கத்திற்கு இது வேலையா?’ என்று ஒரு நண்பர் நம்மைக் கேட்டார். அண்டை மாநிலமாகிய கருநாடகத்தில் 2003-ஆம் ஆண்டு கூட்டுறவுச் சங்கத்து உழவர்களுக்கென்றே ‘யசஸ்வினி’ என்னும் மருத்துவத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. உறுப்பினர் ஒவ்வொருவரும் சிறு தொகை கட்ட, பெரும் அறுவைச் சிகிச்சைகளும் அவர்கள் கைக்கு எட்டின. இடையில் நின்று, 2022-இல் அதை மீண்டும் தொடங்கினார்கள். மருத்துவமனையைக் கட்டுங்கள் என்று நாம் நம் சங்கங்களைக் கேட்கவில்லை. ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன; திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. எச்.ஐ.வி. சோதனைக்கு நம்பிக்கை மையங்கள் உள்ளன. அங்கே சோதனையும் ஆலோசனையும் இலவசம், செய்தியும் மறைவாகக் காக்கப்படும். இல்லாதது அழைப்பு ஒன்றுதான்.

ஆகவே, அடுத்து வரும் பேரவைக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும் பின்வருவனவற்றைத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டுகிறோம். முதலாவது, ஆண்டில் இரண்டு நாட்களை மாதர் நல நாட்களாகக் குறித்து, அரசு மருத்துவ அலுவலரை வேண்டி முகாம் நடத்துக; அந்நாளின் கூலியிழப்பைப் பொது நன்மை நிதியிலிருந்து ஈடு செய்க. இரண்டாவது, அழைப்பு ஆண்களுக்கும் செல்லுக. நிர்வாகக் குழுவினர் தாமே முதலில் நம்பிக்கை மையத்திற்குச் சென்று வழிகாட்டுக. மூன்றாவது, எவரையும் கட்டாயப்படுத்தற்க. எவருடைய முடிவையும் சங்கம் கேட்கவும் வேண்டா, எழுதி வைக்கவும் வேண்டா. கடன் கொடுப்பதற்கோ வேலை கொடுப்பதற்கோ சோதனைச் சான்று கேட்கும் சங்கம் சட்டத்தையும் மீறும், கூட்டுறவையும் கொல்லும். நான்காவது, எச்.ஐ.வி. பற்றி இலவசமாகக் கேட்டறிய உதவும் 1097 என்னும் தொலைபேசி எண்ணை ஒவ்வொரு பாஸ் புத்தகத்தின் உள்ளட்டையிலும் அச்சிடுக. நாணத்தால் வாய் திறவாதவர்க்கு அது துணையாகும்.

இவற்றுக்கு ஆகும் செலவு, ஒரு சங்கத்தின் ஆண்டுவிழாவில் பந்தலுக்கும் மாலைக்கும் ஆகும் செலவினும் மிகுதியாகாது.

பாவில் ஓரிழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி முடிந்துவிட்டே மேற்கொண்டு நெய்கிறார். அறுந்தது ஓரிழைதானே என்று நெய்துகொண்டே போனால் ஆடை முழுதும் கோடு விழுந்துவிடும் என்பதை அவர் அறிவார். நம் குடும்பங்களில் அறுந்துகொண்டிருக்கும் இழையை நாம் காணாதிருக்கலாமா?

தார் சுற்றும் அச்சகோதரிக்கு நாம் அன்று விடை கூற இயலவில்லை. அவரை அழைக்க வேண்டியவர் அரசு மட்டுமன்று. அவர் கணவரின் பெயரும் அவர் பெயரும் எழுதப்பட்டிருந்த உறுப்பினர் பதிவேட்டை வைத்திருந்த நாமுந்தான். பதினாறு ஆண்டுகள் நாம் அவருக்குக் கூலிக் கணக்கு எழுதினோம், ஒருநாளும் ‘நலமா?’ என்று கேட்கவில்லை. இனியேனும் கேட்போமாக.